பதினோராம் நாள், பாய்மரப் படகு

பெங்களூரு ஈஜிபுராவின் வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் சோற்றுக் குண்டான்மேல் கம்பி கம்பியாக விழுகிறது. தண்ணீர் பாட்டிலில் சாய்த்த போனில், பாய்மரப் படகில் கரையோரமாகச் சுற்றும் வெள்ளைக்காரத் தம்பதி அன்றைய இரண்டாவது துறையில் நங்கூரம் இறக்குகிறார்கள். படகின் முன்னால் நிற்கும் மனைவி கையைத் தூக்கியதும் கணவன் சங்கிலியை நிறுத்துகிறான். இங்கே தட்டின் முன்னால் செலின் கையைத் தூக்குகிறாள். அவள் கணவன் எட்வின் சோற்றுக் கரண்டியை நிறுத்துகிறான். அங்கே காற்றிரைச்சலில் பேச்சு கேட்காது. இங்கே, தங்கள் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து பதினோரு நாளாகக் கைஜாடைதான். வீடியோ முடிந்ததும் மின்விசிறியின் சத்தம் கேட்கிறது. "ஏங்க, அவங்க காலைல கெளம்பாம இருந்தாங்களே, அங்கேர்ந்து வைங்க," என்கிறாள் செலின், பிசையாத சோற்றைப் பார்த்தபடி. எட்வின் இடது கைச் சுண்டுவிரலால் படத்தைப் பின்னுக்கு இழுக்கிறான். பின்னோக்கி ஓடும் படத்தில், இறக்கிய நங்கூரம் நீருக்குள்ளிருந்து மேலே வருகிறது.