இடப்பக்கக் காலடி

காய்ச்சலோடு போன இடது காதின் கேட்கும் திறன் கதிரவனுக்குத் திரும்பவில்லை. வீடியோ கேமில் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியாமல் அவனே முதலில் செத்தான். நண்பர்கள் ஆட்டத்துக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். காதைப் பற்றி யாரிடமும் சொல்லாமல், ஏழு திசைச் சத்தம் கேட்கும் ஒயர்லெஸ் ஹெட்செட் ஒன்றைக் கடையில் மாட்டிப் பார்த்தான்.

"ஒருத்தன் நடந்து வர்றான். எந்தப் பக்கம்ணே?" என்றான் விற்பனையாளன் ஜெரால்டு, அதில் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு.

"வலது. மழைச் சத்தத்துக்குள்ள, ரொம்ப தூரத்துல."

"இடதுண்ணே. உங்க தோள்கிட்டயே நிக்கிறான்." ஜெரால்டு உற்சாகமாக விளக்கினான். "உள்ள ஏழு ஸ்பீக்கர்லாம் கிடையாது, ரெண்டே ரெண்டுதான். சத்தத்த ஒரு காதுக்கு முந்தி, மறு காதுக்குத் துளி பிந்தி அனுப்பும். அந்த வித்தியாசத்த வச்சு திசையக் கண்டுபிடிக்கிறது உங்க மூளைதாண்ணே."

கதிரவன் ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினான். தூரத்தில் மங்கலாகக் கேட்ட காலடி இப்போது வலது காதில் தெளிவாக நடந்தது. அவன் முகம் மலர்ந்தது. இதுவரை அந்தக் காதில் கேட்டுக்கொண்டிருந்த மழை நின்றுபோயிருந்தது. மறுபடி மாற்றினான். மழை வந்தது, காலடி தூரப் போயிற்று.

"தலைகீழா மாட்டுறீங்கண்ணே," என்று சிரித்தான் ஜெரால்டு. "இதையே பில் போட்டுடவா?"

கதிரவன் மறுபடியும் மாற்றிக்கொண்டிருந்தான்.