சிரித்தாலும் கத்துகிறார்கள்

"மூச்சை மெதுவா விடுங்க" என்றார் டாக்டர். எதிரே உட்கார்ந்திருந்த ஆறடி ஆள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுங்கினார். ரத்த அழுத்தக் கருவி காட்டிய அளவைப் பார்த்து டாக்டருக்கே வியர்த்தது.

ஊழியர்களுக்கு இதயப் பரிசோதனை முகாம். மேனேஜரே காரில் அழைத்துவந்து, பின்வாசல் வழியாக டாக்டரை மாடி அறைக்கு ஏற்றியிருந்தார். காலையிலிருந்து வந்து உட்கார்ந்த அத்தனை பேருக்கும் இதே படபடப்பு.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கீழே ஹால்ல சார். வர்றவங்க எதிர்ல போய் நிக்கணும். பாத்ததுமே காட்டுக்கத்து கத்துறாங்க. நேத்து ஒரு அம்மா கைப்பையாலயே மண்டையில ஒரு போடு போட்டாங்க."

புகார்ப் பிரிவு போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். "அப்படி வர்றவங்களைப் பாத்து முதல்ல சிரிக்கணும்."

"சிரிச்சா இன்னும் அதிகமா கத்துறாங்க சார்."

"கையைப் பிடிச்சு ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்களேன்."

"ஒருத்தரைப் பிடிச்சேன் சார். மனுஷன் மயங்கியே விழுந்துட்டார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வீட்டுலயும் நிம்மதி இல்ல சார். தூக்கத்துல அலறுறேனாம். பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டா. இந்த வேலையை விட்டா சோத்துக்கு என்ன பண்ணுவேன்?"

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்ற மேனேஜரை உள்ளே கூப்பிட்டார்.

"நீங்கல்லாம் மனுஷங்களா? இப்படியே விட்டா ஒருநாள் இவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்வார். அப்புறம் முகாம் போட்டு என்ன புண்ணியம்? வர்றவங்களை வாயை மூடிக்கிட்டு வரச் சொல்லுங்க!"

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். "அவங்க கத்தலேன்னா கம்பெனியையே இழுத்து மூட வேண்டியதுதான் டாக்டர்."

கீழே மணி அடித்தது. ஆறடி ஆள் பதறி எழுந்து, மூலையில் கிடந்த தன் பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினார்.

டாக்டர் குறுக்கே கையை நீட்டி மறித்தார். "நில்லுய்யா! உன் உயிர் எனக்கு முக்கியம். அப்படி என்னதான் இடம் இது? அங்க நீ யாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேய் பங்களா சார். நான்தான் பேய்."