மஞ்சள் கரு இல்லாத முட்டை

"அப்பனுக்கு என்னத்தைப் பொரிச்சுப் போடுற மோளே, ஈரல் முழுக்கக் கொழுப்பு?" என்று ஆலப்புழை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருமுறை ஜின்சியிடம் கேட்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் எண்ணெய் இல்லை. மதிய வெயில் காயல் நீரில் பட்டு, கூரையில் நெளிகிறது. அப்பன் வர்க்கிச்சனின் தட்டில் அவித்த கப்பைக் கிழங்கும் மஞ்சள் கரு எடுத்த முட்டையும் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு டம்ளர் பிராந்தி. "எண்ணெயே தொடலை நான். இன்னைக்கு ஸ்கேன்லயும் கொழுப்பு கூடியிருக்குன்னா அந்த மெஷின்தான் கெட்டுப்போச்சு." "சாப்பாட்டால இல்ல அப்பச்சா. பிராந்தியை எரிக்கவே ஈரலுக்கு நேரம் சரியாப் போகுதாம், கொழுப்பு அப்படியே உள்ள தங்கிடுதாம். குடியை விட்டா இப்பவும் கரையுமாம், டாக்டர் சொன்னாங்க." "ஒன்பதாங் கிளாஸோட நின்ன டாக்டரே, உப்பை எடு." ஜின்சி டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடுகிறாள். பயமோ கோபமோ வரவில்லை. கண்ணாடியின் குளிர் மட்டும் தெரிகிறது. முட்டையில் ஈ உட்காருகிறது. வர்க்கிச்சன் அந்தக் கையையே பார்க்கிறார். பிறகு பிராந்தி பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு தோணியில் ஏறிப் போகிறார்.