நெட்டையின் முதல் லோடு

“நம்பர் மாறிப்போச்சே, யாருங்க வாங்கினது?” என்று சிரித்தாள் நெட்டையின் அம்மா.

ஆபீஸ் மேஜைமேல் பாதி தின்ற கேக் இருந்தது. அதன் நடுவே இரண்டும் ஒன்றுமாக இரண்டு மெழுகு எண்கள்.

பெட்ரோல் டேங்கர்கள் நிற்கிற இடத்தில் தீக்குச்சி உரசக் கூடாது. அதனால் காலையில் டிரைவர் பையன் நெட்டை, பற்றவைக்காத மெழுகுவத்தியையே கன்னம் உப்ப ஊதி ‘அணைத்தான்’. டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரேக்கும் சிரித்தார். கம்பெனியில் அதை எல்லோரும் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள்.

பிரேக் அங்கே சேஃப்டி ஆபீசர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஷூ போடாமல் செருப்போடு வந்தால் சாவி கிடையாது, வந்தவன் முதலாளியின் மச்சானாகவே இருந்தாலும்.

இருபத்தொன்று முடியாதவன் லோடு ஏற்றிய டேங்கரோடு மலை இறங்கக் கூடாது என்பது விதி. நெட்டை தலைகீழாக நின்று பார்த்தான். காலி வண்டியையும் சமதளத்தையும் தாண்டி அவர் விடவில்லை.

இன்னும் ஒரு மாதம்தானே குறைகிறது என்று போன மாதம்கூடக் கெஞ்சினான். “ஒரு நாள் குறைஞ்சாலும் குறைச்சல்தான், போடா” என்று விரட்டினார்.

அந்த ஒரு நாளும் நேற்றோடு தீர்ந்தது. இன்று காலை சாவியைத் தன் கையாலேயே கொடுத்தார். பெற்ற பிள்ளையை அனுப்புகிற மாதிரி வாசல்வரை போய் நின்றார்.

மலை உச்சியில் நிறுத்து. இறங்குவதற்கு முன் சக்கரம் சக்கரமாகக் கைவைத்துச் சூடு பார். ஓடுகிற வண்டியில் போனைத் தொடாதே, நானே கூப்பிட்டாலும் எடுக்காதே. இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நெட்டை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கால்தான் தரையில் நிற்கவில்லை.

அவன் அம்மா கேக் கடையில் வேலை செய்கிறவள். மகன் மதியம்தான் கிளம்புவான் என்று நினைத்து, தானே கிரீம் வைத்த கேக்கை மடியில் வைத்துப் பஸ்ஸில் வந்திருந்தாள். வண்டி போய்விட்டது என்றதும் முகம் சுருங்கியது. சரி, நீங்களாவது சாப்பிடுங்கள் என்று பெட்டியைத் திறந்தாள்.

அதில் ஒன்றும் ஒன்பதும் நின்றன.

கேக் கடைக்காரியே எண்ணை மாற்றி வைத்துவிட்டாளே என்று முதலில் பிரேக்குக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“மாத்தி வைக்கல சார். அவனுக்குப் பத்தொன்பதுதான். ஸ்கூல்ல சேர்க்கறப்ப ரெண்டு வருஷம் கூட்டிச் சொன்னேன். வளர்த்தியைப் பாத்துட்டு ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல!”

அவளுக்கு அது வேடிக்கைக் கதை. விடியற்காலையில் அடுப்பு மூட்டப் போகிறவளுக்குப் பிள்ளையை விட்டுப்போக ஆளில்லை. நாலு வயதில் ஆறு வயதுக்காரர்களோடு உட்கார வைத்தாள். பெஞ்சிலேயே ஒன்றுக்குப் போவானாம். பக்கத்துப் பிள்ளையின் தோளில் தூங்கி வழிவானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிரேக்குக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அவனை வேலைக்கு எடுத்தபோது கண் பார்வை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஷூவின் அடிப்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தார். பேப்பரில் இருந்த வருஷத்தை மட்டும் அப்படியே நம்பினார்.

இவளுக்கு விதி தெரியாது. அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒரு மாதம் குறைகிறது என்று கெஞ்சினான். தெரிந்தேதான் இருபத்தொன்றை ஊதினான். அடப்பாவி, அடப்பாவி என்று மனம் அரற்றியது. கோபமா பயமா என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சொன்னபடி போயிருந்தால் இப்போது உச்சியில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வேறு டிரைவரை அனுப்பலாம். இறக்கத்தில் இருந்தால் போனை எடுக்க மாட்டான். எடுத்தால் நிற்கிறான் என்று அர்த்தம்.

எடுடா, எடுடா என்று வேண்டிக்கொண்டே கூப்பிட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

போன உயிர் திரும்பியது. நிற்கிறான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம், காதைத் திருகிக்கொள்ளலாம். பிரேக் நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போதுதான் போனுக்குள் இன்ஜின் முழங்குவது கேட்டது. எதிரே ஏறி வருகிற ஏதோ வண்டி நீளமாக ஹாரன் அடித்தது. “நிக்கிறியாடா?” என்றார்.

“நிக்கலண்ணே, இறங்கிட்டிருக்கேன்! பயப்படாதீங்க, வளைவையெல்லாம் ஒரு கையிலயே திருப்பிட்டேன்!”

குரலில் அத்தனை பெருமை. ஏழு கடல் தாண்டிய குழந்தை வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிடுகிற பெருமை.

கம்பெனியே நடுங்குகிற குரல் பிரேக்குக்கு. அது எங்கே போயிற்றோ, ஒரு அதட்டல்கூட வரவில்லை. அதட்டினால் அவன் திடுக்கிடுவான்.

“போனை வச்சிடு கண்ணா” என்றார் மெல்ல. “ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ.”

கண்ணா என்று அவர் அங்கே யாரையும் கூப்பிட்டதில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஆசையாகப் போனுக்குக் கை நீட்டினாள். ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தந்துவிடுகிறாளாம்.

பிரேக் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் இன்னும் வைக்கவில்லை. இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.