மணவறைப் பூவுக்குள் கமரா

மணவறைப் பூச்சரத்துக்குள் கறுப்பாக ஒன்று பதுங்கிக் கிடந்தது. இளையதம்பிக் கிழவர் விரலை விட்டுத் தடவினார். பால்மாத் தகரப் பேணியின் மூடியளவில் ஓர் உருண்டை, முன்னுக்குக் கண்ணாடி.

"உளவு பாக்க ஆரடா இதை வைச்சது?"

படம் எடுக்க வந்த அஜந்தன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். "ஐயோ அப்பு, பிடுங்கிப்போடாதையுங்கோ! அதுவும் கமராதான்."

"எனக்குப் பூச்சுத்தாதை. கமராவெண்டா உடம்பெங்க?"

"லென்ஸ் மட்டும்தான் அப்பு. படம் போனில விழும். கனதூரம் போகாது, போன் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. கல்யாணப் பொம்பிளைதான் வைக்கச் சொன்னவா."

கிழவர் பேத்தியைப் பார்த்தார். யதுர்ஷிகா பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையைப் பார்க்காமல் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

தாரை வார்க்க அவளுடைய தாய்மாமனும் மாமியும் வந்து நின்றார்கள். கிழவருக்குச் சுருக்கென்றது. பெண்ணைப் பெற்றவள், மருமகள் தயாளினி எங்கே? விடிய முகம் கழுவிவிட்டுக் குசினிக்குள் போனவள் இன்னும் வெளியில் வரவில்லை.

போர் முடிந்த அன்று வட்டுவாகலில் இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றப்பட்ட அவருடைய மகன் தயாபரன் இன்றுவரை திரும்பவில்லை. தயாளினியை ஊர் விதவை என்றது. நல்ல காரியங்களில் முன்னுக்கு நிற்க விடவில்லை. அவளோ குங்குமப் பொட்டை ஒருநாளும் விட்டதில்லை. "அவர் இருக்கிறார் மாமா" என்று அவள் சொல்லுவதை நம்பித்தான் கிழவரும் சோறு தின்றார்.

"எந்த நாய் அவளை உள்ளுக்கு இருத்தினது? என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான்!" கத்திக்கொண்டே போய்க் குசினிக் கதவைத் தள்ளினார்.

அடுப்படியில் தயாளினி குந்தியிருந்தாள். கையில் போன். போன் திரையில் ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"எழும்பு பிள்ளை! ஆர் உன்னை இதுக்குள்ள இருக்கச் சொன்னது? பேரைச் சொல்லு, மண்டையை உடைக்கிறன்."

"ஒருத்தரும் சொல்லேல்லை மாமா. அண்ணா வந்து கூப்பிட்டவர். நான்தான் வரமாட்டன் எண்டனான்."

"ஏன்? உனக்கென்ன குறை?"

வெளியே கெட்டிமேளம் முழங்கியது. தயாளினி நிமிர்ந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"பிள்ளையின்ர தாலியெல்லோ... ஒருவேளை அவர் இல்லையெண்டால், மாமா?"