மாட்டியவர்கள் பட்டியல்

தன் புரோகிராமை மூன்றாவது முறையும் படித்துப் பார்த்துவிட்டாள். அழிக்க வேண்டியது ஒரு வரிகூட மிச்சமில்லை.

புரோகிராமில் தப்பு தேடும்போது நடுநடுவே ‘இங்க வரைக்கும் ஓடுது’, ‘இது ஏன் காலி’ என்று வாய்க்கு வந்ததை எழுதிவைத்துப் பார்ப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். மறந்துபோய் அலுவலகத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்கப் போனால் கம்ப்யூட்டரே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். அதோடு விடாது. மாட்டியவர் பெயரைச் சுவர்த் திரையிலும் போட்டு மானத்தை வாங்கும்.

தலையில் ஆபரேஷன் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி ஆறு வாரம். மறதி பாடாய்ப் படுத்தியது. தினமும் மாட்டினாள்.

என்றைக்காவது தன் பெயர் மட்டும் தனியாகச் சுவரில் நின்றால் அன்றைக்கே வேலையை விட்டுவிடுவது என்று முடிவுசெய்து வைத்திருந்தாள். அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அலுவலகத்தில் அந்த ஒருத்திக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

நல்லவேளை, அப்படி ஒரு நாள் வரவே இல்லை. தினமும் கூட இரண்டு மூன்று பேர் மாட்டினார்கள். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் டீம் லீடர், இருபது வருஷ அனுபவம், அவரே வாரத்துக்கு இரண்டு தடவை மாட்டித் தலையில் அடித்துக்கொள்வார். மறதி எல்லோருக்கும் பொது என்று இவளுக்கு அவ்வளவு நிம்மதி.

இன்று முதல் முறையாக எல்லாவற்றையும் தானே அழித்துவிட்டாள். சேர்ப்பதற்கு முன் அக்காவிடம் சொல்லலாம் என்று எழுந்து போனாள்.

அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ரேடியோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“இன்னைக்கு உங்க முறைக்கா. நேத்து நான் போட்டாச்சு.”

“இரு, அவ பேரு வர்றதுக்குள்ள போட்டுடறேன்.”

முடித்துத் துடைத்து வைத்திருந்த தன் புரோகிராமின் நடுவில் அக்கா ‘இங்க வரைக்கும் ஓடுது’ என்று நிதானமாகத் தட்டினார். சேர்க்கப் போனார். மாட்டினார்.

இவள் சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை. இத்தனை பேருக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சுவரில் அக்காவின் பெயர் மட்டும் தனியாக நின்றது.

சுத்தமாக இருந்த தன் புரோகிராமைத் திறந்து, நடுவில் ஒரு வரி எழுதிச் சேர்க்கப் போனாள்.