மங்கலாக எரியும்

தேர்வு விசாரணைக்கு வந்திருந்த கல்வி அதிகாரி கண்ணபிரான் ஜெம் கிளிப்பைக் கழற்றி, விடைத்தாள்களை ஆய்வக மேஜையில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் அவை படபடத்தன. ஒரு புட்டியை எடுத்து மேலே பாரம் வைத்தார்.

"முப்பத்திரண்டு பேரும் ஒரே தப்பு," என்றார். "திட நிலையில சோடியம் குளோரைடு மின்சாரத்தைக் கடத்துமா? கடத்தாதுன்னு புஸ்தகத்துல இருக்கு. உங்க பிள்ளைக, கடத்தும், பல்பு மங்கலாக எரியும்னு எழுதியிருக்குதுக. ஹால்ல யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலை சார்." வேதியியல் டீச்சர் தங்கபாய் எழுந்து நின்றே பேசினாள். இராஜபாளையத்தில் இந்தப் பள்ளிக்கு வந்து ஆறு வருடத்தில் அவள் யாருக்கும் இப்படி நின்று பதில் சொன்னதில்லை.

காப்பி என்று முடிவானால் முப்பத்திரண்டு பெண்களும் இரண்டு வருடம் பரீட்சை எழுத முடியாது. கோதைநாயகி நர்சிங்குக்கு மனுப் போட்டிருந்தாள். மற்றவர்களுக்கு மில்லோ மாப்பிள்ளையோ காத்திருந்தது. இரண்டு வருடம் எந்த வீடும் பொறுக்காது.

"பொறவு எப்படி?"

"ஐப்பசி அடைமழையில செஞ்சு காட்டுனேன் சார். ஜாடியில உப்பு கசிஞ்சு கெடந்தது. ஈரம் பட்டா அயனிக நகரும்ல? பல்பு எரிஞ்சிட்டுது. காஞ்ச உப்புன்னா எரியாது, புஸ்தகம்தான் சரின்னு நானும் சொன்னேன். கண்ணால பாத்தத விட்டுட்டு என் பேச்சை எது கேக்கும்?"

"மங்கலான்னு எதுக்கு எல்லாரும் எழுதணும்?"

"மங்கலாத்தான் சார் எரிஞ்சுது."

அவர் கழற்றிய கிளிப்பை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவரோடு வந்திருந்த கிளார்க் சௌந்தரபாண்டியன் சிரித்தார். "உப்புல பல்பு எரிஞ்சா எங்க வீட்டுல உப்பு மூட்டையே போதுமே. கரண்டு பில்லு எதுக்கு? எழுதிரட்டா சார், காப்பின்னு?"

"இருங்க பாண்டியன்." கண்ணபிரான் தங்கபாயைப் பார்த்தார். "இப்ப செஞ்சு காட்டுங்க. இதே ஜாடி, இதே உப்பு. எரிஞ்சா பிள்ளைக பாத்ததத்தான் எழுதியிருக்குன்னு முடிச்சிருதேன். எரியலைன்னா காப்பி."

"சார், இது மே மாசம். உப்பு காஞ்சு கெடக்கு..."

"ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

அவள் பலகையை எடுத்து வைத்தாள். நாற்பது வாட் பல்பு, இரண்டு வயர், வயர் முனைகளில் பழைய பேட்டரியிலிருந்து எடுத்த கரித்தண்டுகள். முதலில் இரண்டு தண்டுகளுக்கும் குறுக்கே ஓர் ஆணியை வைத்து ஸ்விட்சைப் போட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"இரும்புல எலக்ட்ரான் இஷ்டத்துக்கு ஓடும். எரியத்தான் செய்யும்," என்றார் அவர். "உப்புல ஒவ்வொரு அயனியும் வச்ச எடத்துல பூட்டுப் போட்ட மாதிரி நிக்கும். அதைக் காட்டுங்க."

ஸ்விட்சை அணைத்துவிட்டு ஜாடியைச் சாய்த்தாள். உப்பு ஆற்றுமணல் போலப் பொலபொலவென்று கொட்டியது.

"நில்லுங்க. நீங்க தொட வேண்டாம்."

அவரே கண்ணாடிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். தண்டுகளை நட்டார். கை நிறைய உப்பை அள்ளிப் போட்டார். கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சமன் செய்தார்.

"சாருக்கு டீச்சரம்மா மேல அம்புட்டு நம்பிக்கை," என்றார் கிளார்க்.

தங்கபாய் கண்களை மூடிக்கொண்டாள். கோதைநாயகியின் அப்பாவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஸ்விட்ச் 'டக்' என்றது.

"ஏ அம்மாடி!"

கிளார்க்கின் குரல். கண்ணைத் திறந்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. அன்று மழையில் எரிந்தது போல இல்லை. ஆணிக்கு எரிந்தது போலப் பளிச்சென்று.

"எழுதிக்கோங்க பாண்டியன். சோதனையில் பல்பு எரிந்தது. மாணவிகள் கண்டதையே எழுதியுள்ளனர். காப்பி அல்ல. தேர்வு முடிவை வெளியிடலாம். நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

"கண்ணால பாத்தாச்சு. பொறவென்ன?" சௌந்தரபாண்டியன் கையெழுத்துப் போட்டுவிட்டு, தலையை ஆட்டியபடியே ஜீப்பைப் பார்க்கப் போனார்.

தங்கபாய் பிளக்கைப் பிடுங்கினாள். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்ததால், கிண்ணத்து உப்பைக் கழுவு தொட்டியில் கவிழ்த்தாள். 'டிங்' என்று ஒரு சத்தம்.

உப்புக்கு நடுவில் ஒரு ஜெம் கிளிப் கிடந்தது.

நிமிர்ந்தாள். கண்ணபிரான் கிளிப் இல்லாத விடைத்தாள்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார்.

"சார்... இது..."

அவர் வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஐப்பசி வரைக்கும் பிள்ளைக காத்திருக்க முடியாதுல்லா, டீச்சர்."